புழுவைக் குத்தி உறிஞ்சும் நாற்றப்பூச்சி: மருந்தடிக்கும் முன் அதன் வாயைப் பாருங்கள்

கேள்வி: அவரையிலும் நிலக்கடலையிலும் வெட்டுப்புழு அதிகமாக இருக்கிறது. தோளில் முள் உள்ள பழுப்பு நிறப் பூச்சி ஒன்று, தன்னைவிடப் பெரிய புழுவை வாயால் குத்தித் தொங்கவிட்டிருந்ததைக் கண்டேன். நசுக்கிப் பார்த்தால் காய்களில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் அதே நாற்றம் வருகிறது. இதற்கும் சேர்த்து மருந்தடிக்க வேண்டுமா? நன்மை செய்யும் பூச்சிதான் என்றால், வாங்கியோ வளர்த்தோ வயலில் விடலாமா?

பதில்: மருந்தடிக்க வேண்டாம். நீங்கள் கண்டது புழுக்களையும் வண்டுகளின் இளம்புழுக்களையும் வேட்டையாடி உண்ணும் இரைவிழுங்கி நாவாய்ப்பூச்சி. நாவாய்ப்பூச்சிகளில் ஒரு பிரிவான நாற்றப்பூச்சிகளின் குடும்பம் பென்டடோமிடே; அதில் ஏறத்தாழ 5,000 இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. அசோபினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 300 இனங்கள் மட்டும் பிற பூச்சிகளைக் கொன்று தின்கின்றன. நாற்றம் இரு பிரிவுக்கும் பொது என்பதால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. தோள்முள்ளும் நம்பத்தக்க அடையாளமன்று, ஏனெனில் சாறு உறிஞ்சும் இனங்கள் சிலவற்றுக்கும் கூரிய தோள்கள் உண்டு.

உறுதியான அடையாளம் அதன் வாயாக அமைந்த உறிஞ்சுகுழலில்தான் இருக்கிறது. பூச்சியை ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு, அடிப்புறத்தைக் கைலென்ஸால் பாருங்கள். செடிச்சாறு உறிஞ்சும் இனத்தில் அக்குழல் மெலிந்து, தலையின் அடியிலுள்ள இரு மேடுகளுக்கு இடையே படிந்து கிடக்கும். இரைவிழுங்கியிலோ அது உணர்கொம்பைவிடத் தெளிவாகத் தடித்திருக்கும். அதன் முதல் கணு தலையோடு ஒட்டாமல் விலகி நிற்பதால், குழல் முழுவதையும் முன்னோக்கி நீட்ட முடியும். வேட்டைக்கு அடிப்படை இந்த அமைப்புதான். பூச்சி அவசரமின்றி நெருங்கி, குழலை நேராக நீட்டி, புழுவின் மென்மையான தோலில் குத்துகிறது. புழு துள்ளினாலும் புரண்டாலும் அது பிடியை விடுவதில்லை. உள்ளே செலுத்தும் உமிழ்நீர் இரையைச் செயலிழக்கச் செய்வதோடு அதன் உட்பகுதியைக் கரைத்தும் விடுகிறது. கரைந்த குழம்பை உறிஞ்சி முடித்தபின் சுருங்கிய தோல் மட்டும் மிஞ்சுகிறது. பெரிய புழு ஒன்றைச் சுற்றி நின்று பல இளங்குஞ்சுகள் ஒரே நேரத்தில் உறிஞ்சுவதையும் காணலாம்.

தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பயிர்களில் இயோகாந்தகோனா ஃபர்செல்லேட்டா என்ற இனம் புகையிலை வெட்டுப்புழு, காய்ப்புழு, சிவப்புக் கம்பளிப்புழு போன்றவற்றை உண்கிறது. வட அமெரிக்காவில் போடிசஸ் மாகுலிவென்ட்ரிஸ் இதே வேலையைச் செய்கிறது. பிரேசிலின் யூகலிப்டஸ் தோட்டங்களில் போடிசஸ் நைக்ரிஸ்பைனஸை வளர்த்து விடும் வழக்கம் இருக்கிறது.

பலரும் தெரியாமல் அழித்துவிடுவது இதன் முட்டைகளையும் முதல் பருவக் குஞ்சுகளையுந்தான் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நிலையே ஒரு பருவம்). முட்டைகள் சிறு பீப்பாய் வடிவில் கூட்டமாக இடப்படும்; பல இனங்களில் ஒவ்வொரு முட்டையின் மூடியைச் சுற்றியும் மயிர் போன்ற நீட்சிகள் வளையமாக நிற்கும். பொரித்துவந்த குஞ்சுகள் முட்டை ஓடுகளை விட்டு நகராமல், கருப்பும் சிவப்புமாக நெருக்கி அமர்ந்திருக்கும். இந்தப் பருவத்தில் அவை வேட்டையாடுவதில்லை. நீரும் சிறிது செடிச்சாறுமே அவற்றுக்குப் போதும். இலையில் கொத்தாகப் பூச்சி இருப்பதைக் கண்டதும் மருந்தைத் தேடும் கைகள், அடுத்த தோலுரிப்பிலிருந்து புழுக்களைத் தின்னப்போகும் ஒரு தலைமுறையையே அழித்துவிடுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. மொத்தம் ஐந்து இளம்பருவங்களில், இரண்டாம் பருவம் முதல் அனைத்தும் வேட்டையாடுபவையே.

இனி, வாங்கி விடுவது பற்றி. இதை நான் முதல் வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன். பெருமளவில் வளர்ப்பதற்கு உயிருள்ள இரை தொடர்ந்து வேண்டும். இரை குறைந்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும். ஆகவே செலவு கூடுகிறது. வயலில் விட்ட பிறகும், இரை போதாவிட்டால் முதிர்ந்த பூச்சிகள் பறந்துவிடுகின்றன. உருளைக்கிழங்கைத் தாக்கும் கொலராடோ வண்டை ஒடுக்க, பெரில்லஸ் பையோகுலேட்டஸ் என்ற இனத்தை வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற முயற்சிகளில் பல, அது புதிய சூழலில் நிலைக்காததால் பயனளிக்கவில்லை. உங்கள் வயலுக்குத் தானாகவே வந்து சேர்ந்திருக்கும் இனத்தைக் காப்பாற்றுவது இதைவிட மலிவானது, உறுதியானதும்கூட. பசுமைக்குடில் அல்லது சிறு பரப்பில் விட நேர்ந்தால், இரண்டாம், மூன்றாம் பருவக் குஞ்சுகளை, புழுக்கள் இளமையாக இருக்கும்போதே, மாலையில் விடுவது ஏற்றது. குஞ்சுகளுக்குச் சிறகு முழுமையடையாததால் அவை அங்கேயே தங்கும்.

காப்பாற்றுவது என்றால் முதன்மையாக மருந்துத் தேர்வுதான். பைரித்திராய்டு, ஆர்கனோபாஸ்பேட் வகைகள் இவற்றை நேரடியாகக் கொல்லும். விதை நேர்த்தியிலோ வேரிலோ இடும், செடியின் சாற்றில் ஊடுருவும் மருந்துகளாவது பாதுகாப்பானவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் இப்பூச்சிகள் அவ்வப்போது செடிச்சாற்றை உறிஞ்சி நீர்த்தேவையைத் தீர்த்துக்கொள்வதால், இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்து அவ்வழியாகவும் அவற்றைச் சேர்கிறது. இப்படிச் சிறிது உறிஞ்சுவதால் பயிருக்குக் குறிப்பிடத்தக்க சேதம் இல்லை. தோலுரிப்பைத் தடுக்கும் டைஃப்ளூபென்சுரான் வகையும் குஞ்சுகளுக்குத் தீங்கானது. புழு எண்ணிக்கை பொருளாதாரச் சேத நிலையை, அதாவது கட்டுப்படுத்தும் செலவைவிடப் பயிரிழப்பு கூடும் அளவை, தாண்டினால், அந்தந்தப் புழுவுக்கு நோய் உண்டாக்கும் என்.பி.வி. என்ற நச்சுயிரியின் கரைசலை மாலையில் தெளியுங்கள். அது நாவாய்ப்பூச்சியைப் பாதிப்பதில்லை; நோயுற்ற புழுவைத் தின்ற பூச்சியின் எச்சத்தில் நச்சுயிரி வெளியேறி வேறு இலைகளுக்கும் பரவுவதால், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகவே அமைகின்றன.

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு இதை நம்பியிருக்க வேண்டாம். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவும் இதற்கு எட்டாது. அருகில் டசார் பட்டுப்புழு வளர்ப்பு நடந்தால் இப்பூச்சியை வளர்த்து விடவே கூடாது, ஏனெனில் அங்கு இயோகாந்தகோனா பட்டுப்புழுக்களையே கொல்லும் எதிரியாக அறியப்பட்டுள்ளது.

அடுத்த சில நாள்களுக்கு வயலின் பல இடங்களில் இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்து, சுருங்கித் தொங்கும் புழுத்தோல்களையும் உயிருள்ள புழுக்களையும் எண்ணிக் குறித்து வாருங்கள். தோல்கள் கூடிப் புதிய கடிசேதம் குறைந்தால் எதையும் தெளிக்க வேண்டியதில்லை. உயிருள்ள புழுக்கள் கூடிக்கொண்டே போகும் பகுதிகளில் மட்டும் நச்சுயிரிக் கரைசலைப் பயன்படுத்துங்கள்.