படிவம் 16-ல் சம்பளம் கூடுதலாக வந்துவிட்டதா? முதலில் நிறுவனத்தின் 24க்யூ அறிக்கையைத் திருத்த வேண்டும்

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 2024-25 நிதியாண்டில் நான் வாங்கிய மொத்தச் சம்பளம் ரூ.9,30,000. ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு பிப்ரவரியில் கொடுத்த அரியர்ஸ் ரூ.1,20,000 இதற்குள் அடக்கம். ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் படிவம் 16-ல் அந்த அரியர்ஸை இரண்டு முறை சேர்த்து, ரூ.10,50,000 என்று போட்டிருக்கிறார்கள். புதிய வரி முறைப்படி ரூ.49,400 வரியும் பிடித்துவிட்டார்கள். கவனிக்காமல் 2025 ஆகஸ்டில் அப்படியே ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டேன். இப்போது கேட்டால், ஹெச்.ஆர். பிரிவு எக்ஸெலில் ‘திருத்திய படிவம் 16’ ஒன்றை அனுப்பி, “நீங்களே ரிட்டர்னை மாத்திக்கோங்க” என்கிறது. ரீஃபண்டில் 20 சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ரிட்டர்னைத் திருத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 139(5) பிரிவின்படி, 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான (அதாவது 2024-25 நிதியாண்டு வருமானத்துக்கான) திருத்திய ரிட்டர்னை 2025 டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். ரிட்டர்னைப் பரிசீலித்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், அது தடையில்லை. நிலைக்கழிவு ரூ.75,000 போக, உங்கள் வரிக்குரிய வருமானம் ரூ.8,55,000. அதற்கு வரி, செஸ் சேர்த்து ரூ.36,920. பிடித்தது ரூ.49,400. ஆக, ரூ.12,480 உங்களுக்குத் திரும்ப வர வேண்டும்.

ஆனால் அந்த எக்ஸெல் தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை. படிவம் 16 என்பது வருமான வரித் துறையின் ட்ரேசஸ் தளத்திலிருந்து நிறுவனம் இறக்கித் தர வேண்டியது. அலுவலகத்தில் தட்டச்சு செய்து முத்திரை குத்தினால் அது படிவம் 16 ஆகிவிடாது. நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24க்யூ என்ற டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடித்த வரி) அறிக்கையைத் தாக்கல் செய்கிறது. நான்காம் காலாண்டு அறிக்கையின் இரண்டாம் இணைப்பில்தான் உங்கள் முழு ஆண்டுச் சம்பளக் கணக்கு இருக்கிறது. படிவம் 16-ம் சரி, வருமான வரித் தளத்தில் உள்ள உங்கள் ஏஐஎஸ்ஸில் (ஆண்டுத் தகவல் அறிக்கை) தெரியும் ஆண்டுச் சம்பளமும் சரி, அங்கிருந்துதான் வருகின்றன. அதைத் தொடாமல் “எங்க பக்கம் சரி பண்ணிட்டோம்” என்று சொன்னால் நம்பாதீர்கள். “நான்காம் காலாண்டு 24க்யூ, இரண்டாம் இணைப்பில் என் சம்பளத்தைத் திருத்தித் தாக்கல் செய்துவிட்டீர்களா? ரசீதின் டோக்கன் எண் என்ன?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். டிடிஎஸ் அறிக்கையில் தவறான தகவல் தந்தால் 271எச் பிரிவில் ரூ.10,000 முதல் ரூ.1,00,000 வரை அபராதத்துக்கு இடமுண்டு என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பல அலுவலகங்களில் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் வருகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. பான் உங்களுடையது, சம்பளம் உங்களுடையது, நோட்டீஸ் வந்தாலும் உங்களுக்குத்தான் வரும். ஆனால் உங்கள் பெயரில் நிறுவனம் கொடுத்த அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட உங்களால் திருத்த முடியாது. ஏஐஎஸ்ஸில் ‘தகவல் சரியில்லை’ என்று கருத்துப் பதியலாம், கட்டாயம் பதியுங்கள். அந்தக் கருத்தும் தவறு செய்த நிறுவனத்துக்கே போய், அது ஒப்புக்கொள்ளும்வரை காத்துக் கிடக்கிறது. சம்பளக்காரரை இப்படி அலைக்கழிப்பது நியாயமே இல்லை.

அடுத்து, பலரும் கவனிக்காமல் ஏமாறும் இடம். 24க்யூவைத் திருத்தும்போது சில நிறுவனங்கள் சம்பளத் தொகையோடு டிடிஎஸ் தொகையையும் சேர்த்துக் குறைத்துவிடுகின்றன. அப்போது நிறுவனம் வரி கட்டிய சலானில் மிஞ்சும் பணம் நிறுவனத்தின் பக்கம் போய்விடும். அந்த ரூ.12,480 உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பணம். அதை நிறுவனம் உங்கள் கையில் திருப்பித் தராதவரை, டிடிஎஸ்ஸில் கைவைக்க அதற்கு வேலையில்லை. திருத்தம் ஏறிய பிறகு ஏஐஎஸ்ஸையும், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் இறக்கிப் பாருங்கள். ஏஐஎஸ்ஸில் ஆண்டுச் சம்பளம் குறைந்திருக்க வேண்டும், 26ஏஎஸ்ஸில் டிடிஎஸ் அதே ரூ.49,400 ஆக நிற்க வேண்டும். பே ஸ்லிப்புகளில் உள்ள பிடித்தத்தோடு மாதம் மாதமாக ஒத்துப்பாருங்கள்.

நிறுவனம் இழுத்தடித்தால்? டிசம்பர் நடுப்பகுதிவரை பொறுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வரி உண்மையான சம்பளத்துக்குத்தான், படிவம் 16-ல் அச்சான எண்ணுக்கு அல்ல. பே ஸ்லிப், வங்கி அறிக்கை, ஹெச்.ஆர். தவறை ஒப்புக்கொண்ட மின்னஞ்சல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, சரியான தொகையைப் போட்டுத் திருத்திய ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிடுங்கள். துறை கேள்வி கேட்டால் அவைதான் பதில்.

டிசம்பர் 31 என்ற தேதியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. “டிசம்பர் போனால் என்ன, ஐடிஆர்-யூ போட நான்கு வருஷம் இருக்கிறதே” என்று சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு காலவரம்பு 48 மாதம் என்பது உண்மைதான். ஆனால் ஐடிஆர்-யூ என்ற புதுப்பித்த ரிட்டர்ன் கூடுதல் வரி கட்டுபவர்களுக்கு. அதில் ரீஃபண்டு கேட்க முடியாது, ஏற்கெனவே வந்த ரீஃபண்டைக் கூட்டவும் முடியாது, வரியைக் குறைக்கவும் முடியாது. உங்களுக்கு வேண்டியது ரீஃபண்டு. அதனால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. துறையின் பிழையைத் திருத்தக் கேட்கும் ‘ரெக்டிஃபிகேஷன்’ மனுவைப் போடலாம் என்பார்கள். நீங்கள் தாக்கல் செய்த எண்ணையே துறை ஏற்றிருக்கும்போது அங்கே திருத்த என்ன இருக்கிறது? டிசம்பர் 31-ஐத் தவறவிட்டால், 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கும்படி ஆணையரிடம் மனுப் போடும் வழிக்குப் போக வேண்டியிருக்கும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள்வரை மனுச் செய்யலாம் என்றாலும், காரணத்தை அவர் ஏற்றால்தான் உண்டு. ரூ.12,480-க்காக அந்தப் படிகளில் ஏறி இறங்கும் நிலைக்குப் போகாதீர்கள்.

ஏஜென்ட் விஷயம். ரீஃபண்டில் சதவீதம் கேட்பவருக்கு, ரீஃபண்டு பெருகினால்தான் லாபம். நீங்கள் கொடுக்காத நன்கொடை, கட்டாத வாடகை என்று இட்டு நிரப்புவார். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இத்தகைய போலிக் கழிவுகளைச் சோதித்தது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கிப் பிறகு கைவிடுகிறார்கள் என்றும் துறை சொன்னது. நோட்டீஸ் அந்த மின்னஞ்சலுக்குப் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. தவறான தகவல் என்று முடிவானால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியைப்போல் இரு மடங்கு அபராதம். அதைக் கட்டப்போவது ஏஜென்ட் அல்ல. வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் அங்கே இருக்க வேண்டும்.

திருத்திய ரிட்டர்னில் பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் தாக்கல் தேதியையும் கேட்கும், தயாராக வைத்திருங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள், ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்துவிடுங்கள்.