ஒன்றும் நடக்காத நாள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் வீட்டின் அமைதியைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய 'நேற்று வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை' குறிப்பை வாசித்தேன். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டே முக்கால் வருடமாகிறது. வலது கையும் காலும் வராது. பேச்சும் போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல், 'போதும்'. சோறு ஊட்டினாலும் போதும், தலை வாரினாலும் போதும், பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவர் அசந்து தூங்கினார். நான் கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே ஒரு பழைய வார இதழை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். இரண்டு மணி நேரம். சந்தோஷமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்த நாத்தனார், "நீ நல்லாத்தான் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

நீங்கள் அமைதி என்று எழுதுகிறீர்கள். எனக்கு நிறைய நாட்கள் வருவது கோபம்தான். அவரைத் திட்டியும் இருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்கு அருகதை உண்டா? நீங்கள் எழுதியதெல்லாம் உண்மைதானா?

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாதி உண்மையைத்தான் எழுதினேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இது நான்காவது வருடம். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். நாங்கள் வீட்டிலேயே செய்துகொள்வது வேறு வகை, சிஏபிடி என்பார்கள். வயிற்றில் ஒரு குழாய் நிரந்தரமாக இருக்கிறது. குளுக்கோஸ் கலந்த 2 லிட்டர் திரவத்தை அதன் வழியே உள்ளே விட வேண்டும். வயிற்றின் உள்சவ்வே வடிகட்டியாக வேலை செய்யும். நாலைந்து மணி நேரம் கழித்து அழுக்கோடு அதை வடித்துவிட்டுப் புதிய பையை ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் காலை 6, 11, மாலை 4, இரவு 9. ராத்திரி விட்டது மட்டும் விடியும்வரை உள்ளே கிடக்கும்.

குழாயைத் திறந்து பையோடு இணைக்கிற நேரத்தில் தூசி பறக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழ் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, நகக்கண் வரை கையைக் கழுவிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். விசிறி நின்றதும் வீட்டில் ஒரு சத்தமின்மை வரும். அடுத்த வீட்டு கிரைண்டர் கேட்கும். தரையில் கிடக்கும் பைக்குள் தண்ணீர் இறங்குவது கேட்கும். நான் எழுதிய அமைதி அதுதான். இணைத்து முடித்த பிறகு விசிறியைப் போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொல்லித்தான் இருக்கிறார். நான் போடுவதில்லை. கும்பகோணத்து மே மாதத்திலும் அரை மணி நேரம் இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் எழுதாமல் விட்ட பாதி இதில் இருக்கிறது.

இரண்டாம் வருடம் தீபாவளி சமயம். வீடு நிறைய ஆட்கள். நான் கதவைத் தாழ் போடவில்லை. முகக்கவசம் தாடையில் தொங்கியது, பேசிக்கொண்டே இணைத்தேன். மறுநாள் சாயங்காலம் வடிந்த பை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. அவளுக்கு வயிற்று வலி, குளிர் ஜுரம். ஆஸ்பத்திரியில் 9 நாள். புதிய பையின் திரவத்திலேயே ஆன்டிபயாடிக்கைக் கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். "கதவைத் தாழ் போட்டிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அந்த ஒரு தடவை எனக்குப் போதுமானதாக இருக்கிறது. விசிறியைப் போடாமல் உட்கார்ந்திருப்பது அதனால்தான். நான் அமைதி என்று எழுதியதில் பாதி பயம்.

மீதிப் பாதி பொய்யில்லை. வடிந்த பையை அன்றைய செய்தித்தாள் மேல் வைப்போம். பை வழியாகக் கீழே இருக்கும் எழுத்து படிக்கிற மாதிரி தெரிந்தால் திரவம் தெளிவு, கிருமி இல்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த வழிதான். இவள் அதைச் சத்தமாகவே வாசிப்பாள். நான் பெரும்பாலும் வரி விளம்பரப் பக்கத்தைத்தான் விரிப்பேன். 'இரண்டு படுக்கையறை, கிழக்கு வாசல், காவிரித் தண்ணீர்' என்று படிப்பாள். "வாடகையைச் சொல்லு" என்பேன். "அது மடிப்புல போயிடுச்சு" என்பாள். அவ்வளவுதான். அப்புறம் தொங்கு தராசில் பையை மாட்டிப் பார்ப்போம். 2 லிட்டர் விட்டதற்கு 2.3 வந்திருந்தால் உடம்பிலிருந்து நீர் இறங்கியிருக்கிறது. அளவாகத்தான் குடிக்க வேண்டிய அவளுக்கு அன்றைக்கு இன்னும் அரை டம்ளர் மோர் உண்டு. நோட்டில் எழுதுவேன். ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எழுதிய நாளில் இது நான்கு தடவை ஒழுங்காக நடந்தது.

கோபத்துக்கு வருகிறேன். ஒருநாள் 2 லிட்டருக்கு 1.8 தான் வடிந்தது. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. விசாரித்தால், நான் கடைக்குப் போன சமயத்தில் இரண்டு டம்ளர் மோர் குடித்திருக்கிறாள். கத்தினேன். சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன், அதை இங்கே எழுதப்போவதில்லை. அவள் கேட்டது இவ்வளவுதான்: "தாகம் எனக்கா, உங்களுக்கா?" அன்று இரவு 9 மணிப் பையை இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றினோம். அதுவும் அமைதியான அரை மணிதான், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்குப் பிறகும் கோபம் வந்திருக்கிறது. வராது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

உங்கள் நாத்தனார் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் பை மாற்றுவதை ஒரு வேளை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்னைத் தெய்வம் என்கிறார்கள். உறவில் ஒரு பெரியவர் கல்யாண வீட்டில் வைத்து எனக்குச் சால்வையே போர்த்திவிட்டார். என் அப்பா படுக்கையில் கிடந்த 11 வருடமும் பார்த்துக்கொண்டது அம்மா. யாரும் சால்வை போர்த்தவில்லை. ஒரு வருடம் தேர் பார்க்கப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். அதைத் தெருவே இரண்டு வாரம் பேசியது. ஆண் செய்தால் தியாகம், பெண் செய்தால் கடமை, அதிலும் நடுவே முறுக்கு தின்றால் குற்றம். நீங்கள் 'அருகதை' என்ற சொல்லைப் போட்டிருப்பதே இந்த ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான். எனக்கு அப்படி ஒரு சொல் தோன்றியதே இல்லை. நான் மத்தியானம் தூங்குவேன். யாரும் கேட்டதில்லை.

'போதும்' பற்றி ஒன்று. 1861-ல் பாரிஸில் பியர் பால் ப்ரோகா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். அவருக்கு வாயில் வந்தது 'டான்' என்ற ஒரே சத்தம். எதைக் கேட்டாலும் டான், டான். ஆஸ்பத்திரியில் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அவர் இறந்த பிறகு ப்ரோகா மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதி சிதைந்திருந்தது. உங்கள் கணவருக்கு வலது பக்கம் விழுந்ததும் பேச்சு போனதும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மூளையின் அந்த இடது பக்கம்தான். இப்படிப்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு சொல் மட்டும் தங்கிப்போவது உண்டு. அது தங்கிய சொல், தேர்ந்தெடுத்த சொல் அல்ல. நீங்கள் பக்கத்தில் உட்காரும்போது அவர் சொல்வது 'போதும்' என்பதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லை விட்டுவிட்டுக் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள். இடது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். இன்னொன்று, பேச்சு போனவர்கள் சிலருக்குப் பழகிய பாட்டு வரும். அவருக்குத் தெரிந்த சாமிப் பாட்டு ஏதாவது இருந்தால் கூடவே பாடிப் பாருங்கள். வந்தால் பேச்சுப் பயிற்சி தருபவரிடம் சொல்லுங்கள். வராவிட்டாலும் பாதகமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றிக் கேட்டீர்களா? 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே பிஸியோதெரபிஸ்ட்டும் நர்ஸும் வருவதும் அதில் உண்டு. சிஏபிடி பைகளும் அந்தத் திட்டத்தில் இருக்கின்றன. நர்ஸ் வருகிற நாளில் நீங்கள் வெளியே ஒரு நடை போய்வாருங்கள். நாத்தனாரை அந்த நேரத்துக்கு வரச் சொன்னாலும் தப்பில்லை.

நேற்று 4 மணிப் பை வடிந்துகொண்டிருந்தபோது உங்கள் கடிதத்தை இவளுக்கு வாசித்துக் காட்டினேன். நாத்தனார் வந்த இடத்தில் சிரித்தாள். முறுக்குக்கு வந்ததும் "நிறுத்துங்க" என்றாள். இவளுக்கு உப்பு ஆகாது, முறுக்கைக் கண்ணால் பார்த்து நான்கு வருடம். கைமுறுக்கா, அச்சில் பிழிந்ததா, வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள்.