லீஜன் சட்டையோடு போனால் நண்பனும் சுடுவான்

கேள்வி: ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற வீடியோ கேம் ஆடுகிறேன். ஆரம்பத்திலிருந்தே என்.சி.ஆர். (நியூ கலிஃபோர்னியா குடியரசு) பக்கம்தான். நெல்சன் என்ற ஊரில் இருந்த, அவர்களின் எதிரிப் படையான லீஜனின் ஆட்களைத் தீர்த்துக்கட்டிவிட்டு, என்.சி.ஆர். முகாமான கேம்ப் ஃபர்லார்ன் ஹோப்புக்குத் திரும்பினால், அங்கே நிற்கும் சிப்பாய்களே என்னைச் சுடுகிறார்கள். பிப்-பாயில் (கையில் கட்டும் கணினி) பார்த்தால் என்.சி.ஆரிடம் என் பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. இது கேமில் உள்ள கோளாறா?

பதில்: முதலில் இதைப் பாருங்கள்: உடம்பில் என்ன போட்டிருக்கிறீர்கள்? நெல்சனில் செத்துக் கிடந்தவர்களிடமிருந்து கழற்றிய லீஜன் கவசம் என்றால், கோளாறு கேமில் இல்லை. அந்தச் சிப்பாய்களுக்கு நீங்கள் இப்போது லீஜன்காரர்.

அப்சிடியன் உருவாக்கி 2010-இல் வெளிவந்த இந்த கேமில் கோஷ்டிக்குரிய உடைகள் தனி ரகம். அவற்றைப் போட்ட நொடியிலிருந்து நீங்கள் அந்தக் கோஷ்டியின் ஆளாகவே கணக்கில் வருவீர்கள். அதுவரை சேர்த்த நற்பெயர் எங்கும் போய்விடாது, ஆனால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். உடை மாற்றும்போது திரையில் ஒரு அறிவிப்பு வரும். அவசரத்தில் பொருள் அள்ளும்போது அதை யார் படிக்கிறார்கள்! ஆட்டத்தை முன்பே சேமித்து வைத்த பழைய சேவ் இருந்தால் அதற்குத் திரும்பி, முகாம் கண்ணில் படுவதற்கு முன்பே சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள். சேவ் இல்லையென்றால் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு ஓடுங்கள். கவசத்தைக் கழற்றிவிட்டு, சண்டை அடங்கிய பிறகு வாருங்கள். திருப்பி மட்டும் சுட வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு பாத்திரமும் ஒன்றோ பலவோ கோஷ்டிகளில் உறுப்பினர். கோஷ்டிகளுக்கு இடையிலான உறவு நான்கில் ஒன்று: கூட்டாளி, நண்பர், நடுநிலை, எதிரி. இதோடு ஒவ்வொருவருக்கும் முரட்டுத்தனத்தின் அளவு ஒன்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். சாதாரண முரடன் எதிரியை மட்டும் தாக்குவான். அதற்கு அடுத்த நிலையில் இருப்பவன் நடுநிலையாளரையும் விடமாட்டான். கடைசி நிலையில் இருப்பவனுக்கு எல்லோரும் ஒன்றுதான். ‘யாருக்கு உதவிக்குப் போவது’ என்பதற்கும் தனி அமைப்பு உண்டு. ஒரு சிப்பாய் சுட ஆரம்பித்ததும் முகாமே திரண்டு வருவது அதனால்தான்.

அப்புறம், பெயர் விவகாரம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நற்பெயரும் கெட்ட பெயரும் ஒரே தராசின் இரு முனைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த கேமில் அவை இரண்டு தனிக் கணக்குகள். நல்லது செய்தால் நற்பெயர் ஏறும், ஆனால் பழைய கெட்ட பெயர் ஒரு துளிகூடக் குறையாது. இரண்டும் ஏறிக்கிடந்தால் ‘இவனை நம்புவதா வேண்டாமா’ என்கிற மாதிரியான கலவைப் பட்டம் கிடைக்கும். வேடத்தில் இருக்கும் உங்களைத் தாக்கிய சிப்பாயைத் தற்காப்புக்காகக் கொன்றாலும், நீங்கள் கொன்றது என்.சி.ஆர். ஆளைத்தான். இதற்காகத்தான் திருப்பிச் சுட வேண்டாம் என்றேன்.

இந்தக் கணக்கு இடத்தைப் பொறுத்தது அல்ல. ஒரு முகாமில் செய்தது அடுத்த கணமே இன்னொரு என்.சி.ஆர். காவல் சாவடியான மொஹாவே அவுட்போஸ்ட் வரை தெரிந்துவிடும். தூதர் யாரும் போய்ச் சொல்லத் தேவையில்லை. நம்பும்படியாக இல்லைதான், ஆனால் கேம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. குட்ஸ்பிரிங்ஸ், பிரிம், நோவாக் போன்ற ஊர்களுக்குத் தனித்தனிக் கணக்குகள் உண்டு. கர்மா என்று, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பதற்கான ஒரு மதிப்பும் காட்டும். கோஷ்டிகள் விஷயத்தில் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கணக்கு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் ஒரு வழி இருக்கிறது. கதையின் தொடக்கத்தில் உங்களைச் சுட்ட பென்னியின் விவகாரம் முடிந்து, சூதாட்ட விடுதிகள் உள்ள ஸ்ட்ரிப் தெருவில் நடக்கும்போது என்.சி.ஆர். தூதர் ஒருவரும், லீஜன் தரப்பிலிருந்து வல்ப்பஸ் இன்கல்ட்டா என்பவரும் உங்களைத் தேடி வருவார்கள். அப்போது பழைய குற்றங்கள் மன்னிக்கப்படும். மறுபடி கொன்றால் மறுபடி கெட்ட பெயர்தான். ஆகவே அந்த மன்னிப்பை வீணாக்காதீர்கள்.

வேடத்தை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். என்.சி.ஆர். உங்களை வெறுக்கும் நிலையில்கூட அவர்கள் சீருடையில் அவர்களுடைய முகாமுக்குள் நுழையலாம். ஆனால் காவல் நாய்களும் சில மேலதிகாரிகளும் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே அவர்கள் கிட்டே போகாமல் சுற்றி நடப்பது நல்லது.

நல்லபடியாக இருந்தால் கிடைப்பதையும் சொல்லிவிடுகிறேன். என்.சி.ஆரிடம் நற்பெயர் போதுமான அளவு ஏறினால் பாதுகாப்பு வீட்டின் சாவியும், ஆபத்தில் ஆள் கூப்பிட ஒரு ரேடியோவும் தருவார்கள். சண்டையில் தவறுதலாக ஒரு குண்டு நண்பர்மேல் பட்டாலும் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். அமைதியான நேரத்தில் பட்டால் அந்தப் பொறுமை வெகுவாகக் குறைவு. ஆகவே முகாமுக்குள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

கூட வருபவரையும் கவனியுங்கள். நோவாக்கில் சேரும் பூன், லீஜன் ஆளைக் கண்டால் உங்களைக் கேட்காமலே சுட்டுவிடுவார். நீங்கள் லீஜன் வேடத்தில் அவர்களிடையே நைசாகப் புகுந்து வேலை முடிக்கத் திட்டமிட்டிருந்தால், அவரை நோவாக்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.