கர்ப்பிணி நன்றாகச் சாப்பிட்டால் ஜிகா வைரஸ் குழந்தையைத் தாக்காதா?

சாப்பாடு தொற்றைத் தடுக்காது. ஜிகா வைரஸ் உள்ள கொசு கடித்தால் தொற்று வரலாம். வந்தபின் பாதிப்பு எவ்வளவு என்பதில்தான் உணவுக்கும் பங்கிருக்கலாம்.

2015-ல் பிரேசிலில் சிறுதலையோடு குழந்தைகள் பிறந்தபோது, வறுமை மிகுந்த வடகிழக்குப் பகுதியில்தான் அது அதிகம். ஏன் அங்கே? 2020-ல் வெளியான ஆய்வு புரதக் குறைவைச் சுட்டியது. புரதம் குறைந்த தீனி தின்ற சினை எலிகளுக்கு ஜிகா தொற்றியதும் நஞ்சுக்கொடி சிதைந்தது, குட்டிகளின் மூளை சிறுத்தது. நல்ல தீனி தின்றவை பெருமளவு தாக்குப்பிடித்தன. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான்.

இந்தியப் பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு வழக்கமான 46 கிராம் புரதத்தோடு இரண்டாம் மும்மாதத்தில் 9.5 கிராம், மூன்றாவதில் 22 கிராம் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி பருப்பு சேர்ந்தால் கிட்டத்தட்ட 20 கிராம். புரதப் பவுடர் டப்பா தேவையே இல்லை. ஆனால் ஜிகா அதிகம் கெடுப்பது முதல் மூன்று மாதத்தில். வயிறு தெரிந்தபின் தட்டை நிரப்பினால் தாமதம்.

‘எதிர்ப்பு சக்தி’ என்று வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக விழுங்க வேண்டாம். அளவு மீறினால் அதுவே கருவில் ஊனம் உண்டாக்கும். கொசுவலையை மறக்காதீர்கள், பகலிலும். ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும்.