அந்த 400 வெள்ளியைக் கட்டாதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. படிவம் இரண்டு படிக்கும் மகன் பீகோ-8 என்பதில் ஒரு விளையாட்டு செய்திருக்கிறான். புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பினான், யாருக்கும் ஓடவில்லை. ‘வெளியீட்டு லைசென்ஸ்’ 400 வெள்ளி, புது மடிக்கணினியும் வேண்டும் என்கிறார் பட்டணத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர். கட்டலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. பீகோ-8 என்பது அந்தக் காலத்துக் கணினிபோல நடிக்கும் மென்பொருள், அவ்வளவுதான். திரை 128க்கு 128 புள்ளி, 16 நிறம், ஒரு விளையாட்டுக்கு 32 கிலோபைட். இதற்குப் புது மடிக்கணினியா? வீட்டில் இருக்கும் பழையதே போதும்.

கோளாறு புலனத்தில்தான். பீகோ-8 விளையாட்டை ஒரு பிஎன்ஜி படத்துக்குள் ஒளித்து வைக்கிறது. பார்த்தால் பழைய விளையாட்டுக் கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜின் படம். கண்ணுக்குத் தெரியாத நிற மாற்றங்களாக நிரல் உள்ளே உட்கார்ந்திருக்கும். படமாக அனுப்பினால் புலனம் அதைச் சுருக்கிவிடும். படம் வந்து சேரும், விளையாட்டு வராது. ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும்.

ஆனால் பெறுபவரிடமும் பீகோ-8 இருக்க வேண்டுமே! பெரியம்மா பிள்ளைகளின் கைப்பேசியில் அது இருக்காது. அவர்களுக்கு உலாவியிலேயே ஓடும் எச்டிஎம்எல் கோப்பாக மாற்றி, விளையாட்டுகளைப் பகிரும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றி, இணைப்பை அனுப்பட்டும். ஏற்றுவதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

காசு ஓரிடத்தில் மட்டும் உண்டு. பீகோ-8இன், உலாவியிலேயே ஓடும் கல்விப் பதிப்பு இலவசம். பையன் அதில் செய்திருந்தால், இப்படி மாற்ற முழுப் பதிப்பு வேண்டும். விலை 14.99 அமெரிக்க டாலர், ஒரே தடவை. இதே மாதிரியான டிக்-80 என்ற மென்பொருள் இலவசம்தானே என்பீர்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் திரை 240க்கு 136. பீகோ-8இல் செய்ததை அப்படியே அங்கே ஓட்ட முடியாது, திருத்தி எழுத வேண்டும். அடுத்த விளையாட்டை வேண்டுமானால் அதில் தொடங்கட்டும்.

முழுப் பதிப்பை நீங்களே, உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். “நானே வாங்கித் தருகிறேன்” என்பவர் தன் மின்னஞ்சலில் வாங்கி, உங்களுக்கு நகலைக் கொடுப்பார். அதே நகலை அடுத்த வீட்டுக்கும் விற்பார். புதிய பதிப்பு வந்தால் அது அவருக்குத்தான் போகும். பள்ளிக் கணினிக்கூடம் பூட்டியே கிடந்தால் பிள்ளைகள் இவர்களிடம்தானே போவார்கள், வேறென்ன செய்வார்கள்!

கடைக்காரர் இன்னும் நச்சரித்தால், லைசென்ஸ் கொடுப்பது யார் என்று பெயர் போட்டு ரசீது எழுதித் தரச் சொல்லுங்கள்.