குழம்புக்கு ஆகும் மீன்

கேள்வி: குடும்பத்தோடு சென்னைக்குப் போய் ஒரு பெரிய மீன் காட்சியகத்தைப் பார்த்தோம். என் மாமனார் ஒவ்வொரு தொட்டியின் முன்பும் நின்று, “இது குழம்புக்கு ஆகும், இதை வறுக்கத்தான் வேணும், திருக்கைக்குப் பூண்டு நிறைய உரிச்சுப் போடணும்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மானம் போய்விட்டது. வயதானவர்களை இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போவது சரிதானா?
– ஒரு வாசகர், சூளூர்பேட்டை

பதில்: மாமனார் என்னென்ன மீன் பார்த்தார் என்பது உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நீங்களும் பிள்ளைகளும் என்ன பார்த்தீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. டிக்கெட் காசு யாருக்கு வசூலானது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீனை வேடிக்கை பார்க்க வேண்டும், சாப்பாட்டை நினைக்கவே கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? மெரினா கடற்கரையில் 1909-இல் மீன் காட்சிசாலை திறந்தார்கள். பின்னாளில் அதை நடத்தியது அரசின் மீன்வளத் துறை. கறிமீனைப் பற்றிக் கவலைப்படுவதுதான் அந்தத் துறையின் வேலையே.

அந்தத் திருக்கையையே எடுத்துக்கொள்வோம். சுரங்கப் பாதையில் தலைக்கு மேலே அது சறுக்கிக்கொண்டு போகும்போது இரண்டு கண்ணும் ஒரு வாயுமாகச் சிரிப்பது போலத் தெரியும். அந்த ‘முகத்தோடு’ படம் எடுக்காமல் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் கண் என்று நாம் நினைப்பது அதன் மூக்குத் துளை. நிஜக் கண் முதுகுப் பக்கம் இருக்கிறது. தரையோடு தரையாகக் கிடந்து நண்டும் சிப்பியும் தின்கிற பிராணி, அதனால் வாய் மட்டும் அடியில். திருக்கையை வாங்கி, வால் முள்ளுக்குப் பயந்து, புரட்டிப் போட்டுக் கழுவிய எவருக்கும் இது தெரியும். மாமனாரிடம் கேட்டிருந்தால் பூண்டுக் கணக்கோடு இதையும் சொல்லியிருப்பார்.

நீங்கள் பழவேற்காடு ஏரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதுவதுதான் எனக்கு வேடிக்கை. ஏரியின் பெரும்பகுதி உங்கள் ஆந்திரப் பக்கம்தான் கிடக்கிறது. சந்தையில் பண்டுகப்பா என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்தக் கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். பெரிய கொடுவாயில் முட்டை இருப்பதும் சின்னதில் இல்லாததும் அதனால்தான். முட்டையிடக் கடல் பக்கம் போகும். குஞ்சுகள் ஏரிக்குள்ளும் கழிமுகத்திலும் வளரும். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோனால் ஏரிக்கு மீன் வரத்து குறைந்துவிடும். எந்த வருடம் வரத்து நன்றாக இருந்தது, எந்த வருடம் கொடுவாய் கண்ணிலேயே படவில்லை என்றெல்லாம் அவர் வயதுக்காரர்கள் விலையோடு சேர்த்து நினைவு வைத்திருப்பார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இதையெல்லாம் எழுத இடம் கிடையாது.

ஆகவே, அழைத்துப் போவது சரிதான். அடுத்த முறை பிள்ளைகளை அவர் பக்கத்திலேயே நடக்கவிடுங்கள். அதற்கு முன் ஒரு நாள், படகு கரைக்கு வரும் நேரமாகப் பார்த்து ஏரிப் பக்கம் எல்லோருமாகப் போய்வாருங்கள். டிக்கெட் கிடையாது.

அவர் சத்தமாகப் பேசியது மற்றவர்களுக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்திருக்கலாம், சரி. மீனுக்கு இடைஞ்சல் வேறு. தண்ணீரில் உண்டாகும் சின்ன அதிர்வையும் மீன் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் உணரும். விரலால் கண்ணாடியைத் தட்டினால் அதற்கு அது பெரிய தொல்லை. அப்புறம், பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. மாமனார் கையில் பட்டன் போன்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.