தரை டிக்கெட்: வாசகர் கேள்வி பதில்

வாசகர், கும்பகோணம்: 'அந்த நாள்' என்பது 'ரஷோமோன்' காப்பிதானே? அதற்கு ஏன் இத்தனை புகழ்?

காப்பி என்று சொல்பவர்களில் பலர் இரண்டில் ஒன்றை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தில் கொள்ளைக்காரன், மனைவி, குறி சொல்பவள்மேல் ஏறி வந்து பேசும் செத்துப்போன கணவன் மூவரும் 'அந்தச் சாவு என் கையால்தான் நடந்தது' என்கிற மாதிரி சொல்கிறார்கள். பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வதில்தான் ஒவ்வொருவருக்கும் கௌரவம். எது நிஜம் என்று படம் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை.

எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) இதற்கு நேர்த் தலைகீழ். விசாரணையில் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். முடிவில் கொலையாளி யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒரே சம்பவத்தைப் பலர் வாயால் கேட்கும் உத்தி மட்டும்தான் பொது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் கதையை நடக்க விட்டிருப்பது இந்த ஊர்ச் சரக்கு. 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில் சிவாஜியைத் தொடக்கத்திலேயே சுட்டுச் சாகடித்துவிட்டு, பாட்டு நடனம் எதுவும் இல்லாமல் மிச்சப் படத்தை ஓட்டியதற்கு வேறு ஒரு துணிச்சல் வேண்டும்.

இரண்டையும் அடுத்தடுத்து பார்ப்பதானால் 'அந்த நாள்' முதலில். 'ரஷோமோன்' பார்க்கும்போது வாயில் மண்டபத்து மழையைக் கவனியுங்கள். வெறும் தண்ணீர் சாம்பல் நிற வானத்தின் முன்னால் படத்தில் விழவில்லை என்று கறுப்பு மை கலந்து பெய்ய விட்டார்கள்.

வாசகி, நாகர்கோவில்: 'த்ரிஷ்யம்', 'பாபநாசம்' இரண்டில் எது மேல்?

இரண்டுக்கும் இயக்குநர் ஜீத்து ஜோசப்தான். 'த்ரிஷ்யம்' மோகன்லால் மனசில் இருப்பதை மறைக்கிறார், 'பாபநாசம்' கமல் உடைந்து அழுகிறார். மறைப்பதுதான் கதை என்பதால் மலையாளத்துக்கு ஒரு மார்க் கூட.

வாசகர், சிவகாசி: 'செவன் சாமுராய்' 207 நிமிஷமாமே. நடுவில் தூங்காமல் பார்க்க வழி உண்டா?

உண்டு. குரோசாவாவே நடுவில் இடைவேளை வைத்திருக்கிறார். இரண்டு ராத்திரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் ஆள் சேர்ப்பார்கள், கிராமத்தைத் தயார் செய்வார்கள். 'சண்டை எப்போ வரும்' என்று காத்திருந்தால்தான் தூக்கம் வரும். அந்தப் பாதியில் வரைபடம் விரித்து எந்தப் பக்கம் வேலி, எந்தப் பக்கம் தண்ணீர் கட்டிய வயல், எது திறந்து கிடக்கும் பக்கம் என்று காட்டுவார்கள் பாருங்கள், அதை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் சண்டை தொடங்கும்போது யார் எந்த மூலையில் நிற்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, கணக்கு. கொள்ளையர் நாற்பது பேர். தலைவர் காம்பே ஒரு தாளில் நாற்பது வட்டம் போட்டு, ஒருவன் விழுந்தால் ஒரு வட்டத்தை அடித்துக்கொண்டே வருவார். மிச்சம் எத்தனை பேர் என்பது பார்ப்பவனுக்கும் எந்த நேரமும் தெரியும். நம் படங்களில் கதாநாயகன் நூறு பேரை அடிக்கிறார். அடுத்த ஷாட்டில் மறுபடி நூறு பேர் நிற்கிறார்கள். எண்ணிக்கை தெரியாத சண்டையில் பயமும் இருக்காது, நிம்மதியும் இருக்காது.

வாசகர், கோயம்புத்தூர்: 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' வெறும் கார் துரத்தல். அதற்கு ஆறு ஆஸ்கரா?

ஆறும் தகும். 120 நிமிஷத்தில் ஏறத்தாழ 2700 ஷாட், அதாவது சராசரியாக ஒரு ஷாட்டுக்கு மூன்று விநாடிகூட இல்லை. இந்த வேகத்தில் வெட்டினால் சாதாரணமாகத் தலை சுற்றும், யார் எங்கே என்று புரியாது. இதில் புரிகிறது. காரணம் எளிது: முக்கியமான விஷயம், அது முகமோ துப்பாக்கியோ சக்கரமோ, எப்போதும் திரையின் நடுவிலேயே இருக்கும்படி எடுத்திருக்கிறார்கள். ஷாட் மாறும்போது கண் இடம் வலம் தேட வேண்டியதில்லை. டி.வி.யின் மத்தியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். பொட்டுக்கு அடியில்தான் படமே ஓடும். பிறகு மறக்காமல் பொட்டை எடுத்துவிடுங்கள்.

எடிட்டர் மார்கரெட் சிக்ஸலுக்குக் கிடைத்த ஆஸ்கர் இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசகி, திருப்பூர்: சொந்த வீடு கட்டத் தொடங்கப் போகிறோம். பாலு மகேந்திராவின் 'வீடு' பார்க்கலாமா?

கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். 1988இல் வந்த படம். மனை, கடன், அனுமதி, சிமென்ட்டில் கைவைக்கும் கான்ட்ராக்டர், அதை உடைத்துச் சொல்லும் சித்தாள் என்று வரிசை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. வில்லன் என்று தனியாக யாரும் இல்லை. ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது, அவ்வளவுதான். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயம். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துபவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய வீட்டை அவர் தனியாகப் போய்ப் பார்க்கும் இடத்தில் வசனம் தேவைப்படவில்லை. பாட்டும் கிடையாது; இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்து இசை அங்கங்கே வரும். முடிவு மட்டும் உங்கள் வீட்டுக்கு வராமல் இருக்கட்டும்.

வாசகர், வேலூர்: போன இதழில் பின்னணி இசை குறைந்த படங்களைத் தூக்கிப் பிடித்தீர்கள். இசை இல்லாவிட்டால் அது டாக்குமென்டரி இல்லையா?

இசை இல்லை என்றால் சத்தம் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) படத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். காய் நறுக்குவது, எண்ணெயில் கடுகு வெடிப்பது, பாத்திரம் விழுவது, சிங்க் அடியில் ஒழுகும் குழாய். முதல் அரைமணி நேரம் பசியைக் கிளப்பும் இதே சத்தம்தான், பிறகு ஒரு கட்டத்தில் தொண்டையைப் பிடிக்கிறது. வயலின் சேர்த்திருந்தால் 'இங்கே வருத்தப்படு' என்று அது நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி மனைவி கேட்டுக்கொண்டே இருப்பதும், கணவன் மறந்துகொண்டே இருப்பதும் தனிக் கதை.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960). குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின் வகை வாத்தியங்களை மட்டும் வைத்துப் போட்டுக் காட்டியதும் மனசு மாறினார். ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியும்!

வாசகர், திருநெல்வேலி: 'பேசும் படம்' மௌனப் படம் வரிசையில் சேருமா?

சேராது. வசனம் இல்லை, ஒலி நிறைய உண்டு. லாட்ஜ் பக்கத்துத் தியேட்டர் சண்டைச் சத்தத்தில் தூங்கிப் பழகிய கமல், நட்சத்திர ஓட்டலின் நிசப்தத்தில் தூக்கம் வராமல், அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டு வந்து ஓடவிட்டுத் தூங்குவார். இந்த ஒரு நகைச்சுவை மௌனப் படத்தில் சாத்தியமே இல்லை. சிங்கீதம் சீனிவாசராவ் செய்த புத்திசாலித்தனம், யாரும் ஊமையாக இல்லாமல் பேச வேண்டிய அவசியம் மட்டும் வராதபடி சூழ்நிலைகளை அமைத்தது: கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தெருவுக்கு எதிர்ப்புறம், தூரத்து மாடி.

வாசகி, சேலம்: 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' முடிவைப் பார்த்து என் மகன் அழுதுவிட்டான். அந்தப் பையனுக்கு ஷூ கிடைக்கவே இல்லையா?

கிடைக்கிறது. மகனிடம் சொல்லிவிடுங்கள். மஜீத் மஜீதியின் இந்த ஈரானியப் படத்தில் (1997) தங்கையின் ஷூவைத் தொலைத்த அலி, மூன்றாம் பரிசான ஷூவுக்காக ஓட்டப்பந்தயத்தில் ஓடி, தவறிப்போய் முதலாவதாக வந்துவிடுகிறான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, கொப்புளித்த காலைத் தொட்டித் தண்ணீரில் விட, மீன்கள் சுற்றி மொய்க்கும். அதற்குச் சற்று முன்னால் அப்பாவின் சைக்கிளை ஒரு சின்ன ஷாட்டில் காட்டுவார்கள். சாமான்களோடு புது ஷூக்கள் இருக்கும். வந்து போவது சில விநாடி. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். குழந்தைகளுக்குத் தெரியாத நல்ல செய்தி நமக்கு மட்டும் தெரிகிறது என்பதுதான் அந்த முடிவின் ருசி. மறுபடி போட்டு, அந்த இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள்.

வாசகர், ஈரோடு: 'ஜாஸ்' படத்தில் சுறாவை ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒளித்து வைக்கிறார்கள்?

சுறா ரிப்பேர். இயந்திரச் சுறாவை நல்ல தண்ணீரில் சோதித்துவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோனார்கள், உப்புநீர் அதன் உள்வேலைகளைக் கெடுத்தது. 55 நாளில் முடிக்க வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா இல்லாத நாள்களில் ஸ்பீல்பெர்க் தண்ணீர் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினார். சுறாவில் கோத்த மஞ்சள் பீப்பாய் மிதந்து வந்தாலே அது வருகிறது என்று ஆக்கினார். மிச்சத்தை ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள் பார்த்துக்கொண்டன. சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் இது இன்னொரு மிருகப் படமாக நின்றிருக்கும். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் எந்த நேரமும் காட்ட முடிகிற இன்றைய படங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வாசகர், பெரம்பலூர்: 'கூழாங்கல்' படத்தில் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள்...

அப்பாவும் பையனும் 75 நிமிஷம்தான் நடக்கிறார்கள். பஸ் காசைப் பையன் கிழித்துப்போட்ட பிறகு வேறு என்ன செய்வது? பி.எஸ்.வினோத்ராஜ் வெயிலைக் கதாபாத்திரம் ஆக்கியிருக்கிறார். ஃபோனில் பார்த்தால் அந்த வெயில் தெரியாது, இரண்டு புள்ளி நகர்வதுதான் தெரியும். பெரிய திரையில் பாருங்கள். தாகத்துக்கு வாயில் போட்ட கல்லைப் பையன் வீட்டில் எங்கே வைக்கிறான் என்பதில்தான் தலைப்பு இருக்கிறது. 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது வாங்கிய படம்.

வாசகி, மதுரை: பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' எப்படிச் சலிக்காமல் போகிறது?

பேச்சு மட்டும் காரணம் இல்லை. சிட்னி லூமெட் 96 நிமிஷத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே, அடுத்ததில் கண் மட்டத்தில், கடைசியில் அதற்குக் கீழே. போகப் போக லென்ஸும் நீளமாகிறது, அதாவது பின்னால் இருப்பதை முன்னால் நெருக்கிக் காட்டும் வகை. பின்சுவர் ஆள்களின் முதுகுக்கு நெருங்கி வருவதுபோல் இருக்கும், கூரையும் தெரியத் தொடங்கும். அறை சுருங்குவது உங்களுக்குத் தெரியாது, புழுக்கம் மட்டும் தெரியும். வெளியே வந்ததும் அகல லென்ஸுக்கு மாறுவார், மூச்சு வரும். முதலில் கதைக்காக ஒருதரம், பிறகு ஒலியை அணைத்துவிட்டுச் சுவர்களுக்காக ஒருதரம் பாருங்கள்.

வாசகர், காரைக்குடி: புது டி.வி.யில் பழைய படம் எல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது. சந்திரலேகா ராஜகுமாரி குண்டாகத் தெரிகிறார். டி.வி. கோளாறா?

கோளாறு இல்லை, இரண்டு செட்டிங். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். டி.வி. நடுவில் தானாகப் புது ஃபிரேம்களைச் செய்து செருகுகிறது, அதுதான் அந்த வழவழப்பு. பிக்சர் மெனுவில் எல்ஜி என்றால் 'ட்ரூமோஷன்', சோனி என்றால் 'மோஷன்ஃப்ளோ', பழைய சாம்சங் என்றால் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

'சந்திரலேகா' (1948) காலத்துப் படம் ஏறத்தாழ 4:3, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அகலத் திரைக்கு இழுத்தால் டி.ஆர்.ராஜகுமாரி மட்டும் இல்லை, முரசு நடனத்தில் முரசெல்லாம் முட்டை வடிவம் ஆகும். முரசு வட்டமாகத் தெரியும்வரை 'ஆஸ்பெக்ட்' அல்லது 'பிக்சர் சைஸ்' பட்டனை மாற்றிக்கொண்டே வாருங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை வரும். அதை 'ஜூம்' போட்டு நிரப்பினால் படத்தில் கால் பங்கு வெட்டுப்படும், வசனம் பேசுபவர் பாதி முகத்தோடு ஓரத்தில் நிற்பார்.

வாசகர், விழுப்புரம்: பேச்சு கேட்கவில்லை என்று சத்தம் வைத்தால் சண்டையில் ஜன்னல் அதிர்கிறது. அதற்கும் ஒரு செட்டிங் சொல்லுங்களேன்?

5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு அதிர்வு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒலியில், வசனம் நடு ஸ்பீக்கரில் வரும். உங்கள் டி.வி.யில் நடு ஸ்பீக்கரே கிடையாது. ஆப்பில் ஆடியோவை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள், டி.வி.யில் 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் அந்தப் படத்தில் நடிகர் முணுமுணுக்கிறார். அதற்கு செட்டிங் கிடையாது.